சும்மா வந்த சைக்கிள்

ஊர் எல்லை கண்ணில் பட்டதும் செங்கோட்டையன் பெடல் மிதிப்பதை நிறுத்திவிடுவார். சைக்கிள் தானாகவே கொஞ்ச தூரம் ஓடி, வேகம் குறைந்து, முதல் வீட்டுக்குச் சற்று இப்பால் வந்து நிற்கும். சைக்கிளைச் சாய்த்து இடது காலை மட்டும் தரையில் ஊன்றுவார். வலது கால் பெடலின் மேலேயே இருக்கும். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து, உதறாமல், நான்காக மடித்து ஹேண்டில்பாரின் நடுவில் வைப்பார். மணியை ஒரே ஒரு தரம், விரல் பட்டும் படாமலும் அடிப்பார். யாராவது எட்டிப் பார்த்தால், அவர்கள் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொள்வார்.

"ஏனுங்க, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

தண்ணீர் வரும்வரை சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். சொம்பை வாங்கி, அண்ணாந்து, எதிரே நிற்பவர்களுக்குத் தெரியும்படி தொண்டை ஏறி இறங்கக் குடிப்பார். பாதிச் சொம்பாவது காலியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் வலது காலும் தரைக்கு வரும், சிரிப்பும் வரும், பேச்சும் வரும்.

தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடந்தாக வேண்டும். ஒரு ஐப்பசி மாதம் நல்ல மழையில், மூக்கு நுனியில் நீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு அவர் தண்ணீர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணாந்து வாயத் தொறங்க, அதுவே ரொம்பீரும்" என்றாள்.

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் உள்ளே போய்ச் சொம்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை மழையிலேயே நின்று வேடிக்கை பார்த்தாள்.

செங்கோட்டையன் ராசிபுரத்து நெசவாளி. நான் அவரை அறிந்தபோது நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். குழித்தறியில் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே பூமிக்குள் போய்விடும். கண்ணுக்கு எதிரே பாவு, அதற்கு அப்பால் சுவர். மாதம் முழுக்க அவ்வளவுதான் காட்சி. அமாவாசையன்று மட்டும் தறி ஓடாது. அன்றைக்கு நெசவாளர் தெருவில் நடந்தால் காது அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும். தூங்குகிறவர்கள் தூங்குவார்கள், தாயம் ஆடுகிறவர்கள் ஆடுவார்கள். செங்கோட்டையன் விடிவதற்கு முன்பே செயினுக்கு விளக்கெண்ணெய் விட்டு, கட்டுச்சோற்றைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"மத்தவங்கெல்லாம் அமாவாசைக்குச் செத்தவங்களுக்குப் படைப்பாங்க. இவன் ரோட்டுக்குப் படையல் போடப் போறான்" என்பாள் அவருடைய அக்கா ஆராயி. புருஷன் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். அவருக்கு ஏன் கல்யாணமாகவில்லை என்று யாராவது கேட்டால் அதற்கும் அவளே பதில் சொல்வாள்: "எவ அந்தக் கேரியர்ல உக்காருவா?"

சேலத்து ரயில்வேக்காரர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கைமாற்றிவிட்டுப் போன பழைய சைக்கிள் அது. நீளமான கால்களுக்கென்று செய்தது. செங்கோட்டையன் கட்டையான மனிதர். ஏறுவதற்கு அவருக்கு ஒரு வரப்போ மைல் கல்லோ வேண்டும். அப்படி ஏறி எங்கே போகிறார் என்று கேட்டால், "மேக்கால" என்பார். எதற்கு என்றால், "சும்மா" என்பார்.

நான் நூல் கிடங்கில் வேலையில் இருந்தேன். நூல் வாங்க வரும் நெசவாளர்களில் அவர் ஒருவர்தான் நூலைப் பார்க்காமல் கிடங்கின் கூரையையும் ஓட்டிடுக்கில் விழும் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தச் "சும்மா" எனக்குள் தங்கிவிட்டது. ஒரு மனிதன் மாதத்தில் ஒரு நாள் தறிக்குழியை விட்டு மேலே வந்து, எந்தச் சோலியும் இல்லாமல் பகல் முழுக்க மிதித்துவிட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறான் என்றால், எதையோ பார்க்கிறான். அது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது. கேட்டால் சொல்லத் தெரியாதவர். கூடப் போனால்தான் உண்டு.

பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போன மறுவருஷம் அது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, சேலம் பஸ் முதுகில் ஒரு கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடியது. மேட்டில் அது நின்றுவிட்டால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். மற்றச் சாலைகளில் மோட்டார் என்பதே இல்லை. மாட்டு வண்டி, ஆட்டு மந்தை, தலைச்சுமைக்காரர்கள், அவ்வளவுதான். கிடங்கு முதலாளியின் மருமகனுடைய சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு தை அமாவாசைக்கு அவரோடு கிளம்பினேன்.

விடிகிற நேரத்தில் மேற்கே போனால் சூரியன் முதுகில் விழும். நம்முடைய நிழலே சாலை நெடுக நமக்கு முன்னால் நீண்டு போகும். போதமலை வலப்புறமாக வந்துகொண்டே இருந்தது, பிறகு மெல்லப் பின்தங்கியது. புளியமரங்களின் கீழே பனி இன்னும் ஈரமாக இருந்தது. செங்கோட்டையனின் பின் டயர் ஓரிடத்தில் கிழிந்து, அதற்கு உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்துக் கட்டியிருந்தார். சண்டைக் காலத்தில் புது டயருக்கு எங்கே போவது? ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கட்டு தரையில் பட்டு 'டொக்' என்றது. அதைத் தவிர வேறு சத்தம் இல்லை. தூரத்தில் எங்காவது கவலை ஏற்றத்தின் உருளை கிறீச்சிட்டால் அவர் உடனே நிறுத்திவிடுவார். மாடுகள் சரிவில் இறங்கும்போது தோல்பை நிறைந்து மேலே வரும். மாடுகள் பின்னாலேயே ஏறும்போது பை காலியாகிக் கிணற்றுக்குள் போகும். இதை அவர் பிறந்ததிலிருந்து பார்த்திருப்பார். ஆனாலும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

"பின்னாலயே நடக்குதுங்களே, எப்படித் தம்பி அதுகளுக்குத் தெரியுது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. கவலை ஓட்டுகிறவனைக் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை. "ஓட்டுனா நடக்குதுங்க" என்றான். அந்தப் பதிலில் செங்கோட்டையனுக்குப் பூரண திருப்தி.

அவருக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை என்பதை மத்தியானத்துக்குள் கண்டுகொண்டேன். ஒரு கோயில் வேப்பமரத்தைச் சுற்றிவந்து, அதன் வயதைக் கேட்டு வியந்தார். பூசாரி, "போன தடவையும் இதேதான் கேட்டீங்க" என்றார். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மரத்தைப் பார்த்தார். ஊர்ப் பெயர்கள் மாறிப்போகும். எந்தக் கிணறு எந்த ஊரில் என்று தெரியாது. அதனால் அவருக்கு ஊர்கள் தீர்வதே இல்லை.

சாப்பாட்டு வேளையில் என் பையிலிருந்த பத்திரிகையை எடுத்துப் புரட்டினார். புதுமாதிரிக் கவிதைகள் வரும் பத்திரிகை.

"இது என்னத்தப் பத்தித் தம்பி?"

"ஒரு தெருவில் வெயில் விழுந்திருப்பதைப் பற்றி."

"அப்பறம்?"

"அவ்வளவுதான்."

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இவரு எந்த ஊருங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சைக்கிள் வெச்சிருப்பாரு" என்றார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை, தண்ணீர். ஒவ்வொரு தோட்டத்திலும் அவர் பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டுவார். வேண்டாம் என்றால், "மூஞ்சி சுளிக்காம ஒரு மொடக்குக் குடிங்க, அவங்க பாக்கறாங்க" என்று காதோடு சொல்வார். ஐந்தாறு ஊர் தாண்டியபின் பெடல் மிதிக்க மிதிக்க வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

"ஏனுங்கண்ணா, தாகமே இல்லாமல் எதற்கு இப்படி?" என்று கடைசியில் கேட்டேவிட்டேன்.

அவர் சைக்கிளை நிறுத்தி, இடது புறத்தில் பிரிந்த ஒரு வண்டித்தடத்தைக் காட்டினார். மல்லசமுத்திரத்துக்கு இரண்டு மைல் இருக்கும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. ஒரு வண்டி போனால் இன்னொன்று ஒதுங்க இடமில்லாத தடம். மற்றதையெல்லாம் மறந்துவிடுகிற அந்த மனிதர் இந்த ஒன்றை மட்டும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

சைக்கிள் வாங்கிய புதிது. சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷம். அன்றைக்கும் அமாவாசைதான். அந்தத் தடத்துக்குள் சும்மா நுழைந்து, தடம் போய் முடிகிற இடத்தில் ஒரு தோட்டத்து வீட்டின் முன்னால் நின்றுவிட்டார். ஏன் அங்கே நின்றார் என்று கேட்டேன். அது மட்டும் நினைவில்லை. வீடு பச்சமுத்துக் கவுண்டருடையது. வாசலில் அவிழ்த்துப்போட்ட வண்டி ஒன்று நின்றது. உள்ளே ஆட்கள் பேசும் சத்தம். மூச்சு வாங்கியதால் இவர் வாய் திறக்கவில்லை. வேர்வையைத் துடைக்கத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது: "ஐயோ, என்ற மாமா!"

அடுத்த நிமிஷம் பச்சமுத்துவின் மனைவி சின்னாயி மாரில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். மூன்று பேரும் சைக்கிளைப் பார்த்து அழுதார்கள்.

ராசிபுரத்தில் சைக்கிள் என்றால் சைக்கிள்தான். அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அப்போதெல்லாம் சைக்கிள் வருவது ஒரே காரியத்துக்கு. டவுனில் உறவுக்காரர் யாராவது இறந்துபோனால், பிணம் எடுப்பதற்குள் இழவுத் தாக்கல் சொல்லியாக வேண்டும். வாடகைச் சைக்கிளில் ஓர் ஆளை விரட்டுவார்கள். அப்படி வருகிறவன் வாசலுக்குள் கால் வைக்க மாட்டான். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியிலேயே நிற்பான். உட்கார மாட்டான். அந்த வீட்டுத் தண்ணீரைத் தொட மாட்டான். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். செங்கோட்டையன் ஒன்றும் தெரியாமல் அத்தனையும் அச்சாகச் செய்துகொண்டு நின்றிருக்கிறார். சின்னாயியின் அண்ணன் வேறு சேலம் அஸ்தம்பட்டியில் இரண்டு மாதமாகப் படுத்த படுக்கையாக இருந்தார்.

"அம்மா, நான் எழவு சொல்ல வரலீங்க. ஒண்ணுமில்லீங்க. அழுவாதீங்க."

அழுகைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. விழுந்தபோது காரியம் கெட்டிருந்தது.

உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் பெண் பேச வந்தவர்கள். அமாவாசை நிறைந்த நாள், ஏர் பூட்டாத நாள். பரமத்தி வேலூர் ஆற்றங்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த கந்தவேல் கவுண்டர், பச்சமுத்துவின் மகள் குஞ்சம்மாளைத் தன் மகன் குழந்தைவேலுக்குக் கேட்டு வந்திருந்தார். முதல் நாளே வந்து மல்லசமுத்திரத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, காலையில் மகனே வண்டி ஓட்டி வர, இங்கே வந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து, வெற்றிலைத் தட்டு கை மாறப் போகிற நேரம். தட்டு நடுவில் அப்படியே இருக்கக் கந்தவேல் எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"நல்ல காரியத்துக்கு நடுவுல அழுகை வந்துருச்சு. நாங்க வாரோம்."

வண்டி பூட்டி அவர்கள் போனபிறகுதான், யாரும் சாகவில்லை என்பதும் இந்த ஆள் சும்மா வந்தவர் என்பதும் வீட்டாருக்கு விளங்கியது. பச்சமுத்து திட்டவில்லை. வாசற்கல்லில் உட்கார்ந்துகொண்டு நிதானமாகக் கேட்டார்.

"சும்மாவா வந்தீங்க?"

"ஆமாங்க."

"இன்னொரு நாளைக்குச் சும்மா வந்திருக்கக் கூடாதுங்களா?"

சின்னாயி இப்போது வேறு விதமாக அழுதாள். அந்த வண்டி மல்லசமுத்திரம் போய்ச் சேர்ந்தால் உறவுக்காரர் வீட்டில் பேச்சாகும். அங்கிருந்து சந்தைக்குப் போகும். நிச்சயத்தன்று எழவு விழுந்த வீட்டுப் பெண் என்று பெயராகிவிட்டால், அதற்குப் பிறகு குஞ்சம்மாளைக் கேட்டு அந்தத் தடத்தில் எந்த வண்டியும் வராது.

"ஒரு பொண்ணோட கண்ணாலம் நம்ம சைக்கிளால நின்னு போச்சுன்னா, அப்பறம் அதுல ஏறி எங்க தம்பி போறது?" என்றார் செங்கோட்டையன் என்னிடம்.

அவர் வாசற்கல்லின் மேல் ஏறிச் சைக்கிளில் தாவினார். வண்டி சாலையைத் தொடுவதற்குள் பிடித்தாக வேண்டும்.

பிடித்துவிட்டார். ஆனால் முந்த முடியவில்லை. தடத்தின் அகலம் முழுக்க வண்டி. பின்பக்கத்தில் கந்தவேல் காலைத் தொங்கப்போட்டு இவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மாடு நடக்கிற வேகத்தில் சைக்கிள் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். செங்கோட்டையன் வேலிக்கும் வேலிக்கும் ஆடிக்கொண்டே பேசினார்.

"கவுண்டரே, சாவு ஒண்ணுமில்லீங்க. நான் சும்மா வந்தவனுங்க."

"சும்மா எவனாச்சும் வருவானா?"

"நான் வருவேனுங்க."

"எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"என்னத்தப் பாக்கறதுக்கு?"

"அதானுங்க, சோளம், கெணறு, மரம் மட்டை."

"ஏன், உங்கூர்ல சோளம் இல்லியா?"

"இருக்குதுங்க."

"அப்பறம்?"

செங்கோட்டையன் மணியை அடித்தார்.

"மணியடிக்காதே. மாடு மெரளும்" என்றார் கந்தவேல். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "அந்தாளு மொகத்தப் பாருங்க, பொய் சொல்ற மொகமாவா இருக்குது?" என்றாள். "பொய்யோ மெய்யோ, அழுதது அழுதாச்சு. அழுகையத் திருப்பி வாங்க முடியுமா?" என்றார் அவர். குழந்தைவேல் முன்னால் கயிற்றைப் பிடித்தபடி இருந்தான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

தடம் சாலையோடு சேருமிடத்தில் ஒரு கல்தொட்டி இருந்தது. மாடுகள் தண்ணீருக்கு நின்றன. குழந்தைவேல் இறங்கி வந்தான். அப்பாவைப் பார்க்கவில்லை, செங்கோட்டையனையும் பார்க்கவில்லை. சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். நல்ல உயரமான ஆள்.

"பிரேக்கு புடிக்குங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"முன்னாடி புடிக்கும். பின்னாடி புடிக்காது. ஏன், ஓட்டத் தெரியுமா?"

"விழத் தெரியும்."

சொல்லிவிட்டுக் காலைத் தூக்கிப் போட்டான். செங்கோட்டையன் சீட்டைப் பிடிக்கப் பாய்வதற்குள், வண்டி வந்த வழியிலேயே, கிளுவை வேலிகளுக்கு நடுவே அவன் போய்க்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் ஒரு வேலியை உரசினான், அந்தப் பக்கம் ஒன்றை உரசினான். விழவில்லை.

"டேய், வண்டிய ஆருடா ஓட்டறது?" என்று கத்தினார் கந்தவேல்.

அவன் திரும்பவில்லை. பிறகு கந்தவேல் தானே இறங்கி, முன்பக்கம் போய் ஏறிக் கயிற்றைப் பிடித்தார். தொட்டியருகே தனியாக நின்ற செங்கோட்டையனைப் பார்த்தார்.

"ஏறித் தொலைங்க. உங்க சைக்கிள் அங்கதானே போவுது."

அவ்வளவு பெரிய அபசகுனமாக இருந்தவர், மாப்பிள்ளை வீட்டு வண்டியில், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து திரும்பிப் போனார். அந்த அம்மாள் வழியெல்லாம் அவரை விசாரித்தாள். எந்த ஊர், என்ன தறி, எத்தனை முழம், ஏன் கல்யாணம் ஆகவில்லை.

முன்னால் போன சைக்கிள் வீட்டை அடைந்தபோது நடந்ததைப் பச்சமுத்து பிற்பாடு அவருக்குச் சொல்லியிருக்கிறார். வேலிக்கு மேலே தலை மட்டும் ஆடி ஆடி வருவது தெரிந்ததும் சின்னாயி, "மறுக்காவும் வாரானுங்களே" என்று வாயில் முந்தானையை வைத்தாள். இந்தத் தடவை யாரும் அழுவதற்கு முன் குஞ்சம்மாள் அடுப்படியிலிருந்து சொம்போடு வெளியே வந்துவிட்டாள். பெண் பேச வந்தவர்கள் முன்னால், கூப்பிட்டால்தான் தலையைக் காட்ட வேண்டிய பெண். அவள் வாசலைத் தாண்டி, களத்தைத் தாண்டி, தடத்தின் வாய்க்கே போய் நின்றாள். பின் பிரேக் இல்லாததால் குழந்தைவேல் வைக்கோல் போரில் மோதி விழுந்தான். எழுந்தபோது முழங்காலில் தோல் வழன்றிருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"மொதல்ல தண்ணியக் குடிங்க. அப்பறம் சொல்லுங்க" என்றாள் அவள்.

அவன் குடித்தான். வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, கடைசிச் சொட்டு வரை குடித்தான். இழவு சொல்ல வந்தவன் தண்ணீர் குடிக்க மாட்டான். சின்னாயி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

வண்டி வந்து நின்றபோது காலிச் சொம்பு அவன் கையில் இருந்தது. கந்தவேல் மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப என்னடா பண்ணலாம்ங்கறே?"

"இங்கியே முடிச்சுக்கலாமுங்க" என்றான் குழந்தைவேல். அப்பா எதிரில் அவனாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று அவன் அம்மா வண்டியில் இருந்தபடியே எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். தட்டு எங்கே விட்டார்களோ அங்கேயே இருந்தது. கந்தவேல் உட்கார்ந்தார்.

செங்கோட்டையனைச் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்கள். அஸ்தம்பட்டியில் படுத்திருந்த சின்னாயியின் அண்ணன் தேறிவிட்டார். வைகாசியில் கல்யாணத்துக்குத் தானே நடந்து வந்தார். பந்தலில் அவரைப் பார்த்தவர்களெல்லாம், தனக்காக அழுத அழுகைக்கு அவர் ஏதாவது சீர் செய்ய வேண்டும் என்று கேலி பண்ணினார்களாம். அந்த அமாவாசையிலிருந்து செங்கோட்டையன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்கிறார்.

"இப்ப எல்லா ஊர்லயும் சைக்கிளு வந்துருச்சு. ஆரும் பயப்படறதில்ல. ஆனாலும் எந்த ஊட்ல ஆரு படுத்திருக்காங்களோ, நமக்கென்ன தெரியும்?" என்றார்.

அன்று மாலை திரும்பும்போது காற்று எதிர்த்து அடித்தது. நான் அவர் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு வந்தேன். அவர் எதைப் பார்க்கிறார் என்பதை அப்போதும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் தலை திரும்பும் பக்கமெல்லாம் நானும் திரும்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் அறுத்த சோளக்காடு. ஒரு பக்கம் குட்டையில் எருமை. ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை, வானம். மூன்றையும் ஒரே மாதிரித்தான் பார்த்தார். அதன்பின் சில அமாவாசைகளுக்கு அவரோடு போனேன். ஆடிப்பெருக்குக்கு வேலூர் ஆற்றங்கரை வரைக்கும்கூட. குழந்தைவேல் எங்களைக் கொடிக்காலுக்குள் அழைத்துப்போய், அகத்தி மரங்களில் கொடி ஏறியிருக்கும் அந்தப் பச்சை இருட்டைக் காட்டினான். வாய் ஓயாமல் பேசுகிற மனிதனாக ஆகியிருந்தான். புதிதாக ஒரு சைக்கிளும் வாங்கியிருந்தான். குஞ்சம்மாள் அன்றைக்கு எங்களுக்குச் சோறு போட்டாள், அதிகம் பேசவில்லை.

அடுத்த வருஷம் பையனுக்குக் காதுகுத்து என்று துணி எடுக்க அவள் ராசிபுரம் வந்திருந்தாள். கிடங்கில் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணன் சௌக்கியமுங்களா?" என்று செங்கோட்டையனைக் கேட்டாள். குழந்தைவேல் வண்டியடியில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றான். எனக்குப் பேச்சை வளர்க்கத் தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அந்த அமாவாசையன்று உங்கள் அம்மா அப்படி அழாமல் இருந்திருந்தால் இவ்வளவு கூத்தும் நடந்திருக்காது என்றேன்.

அவள் வெளியே ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"மொதல்ல கத்துனது எங்கம்மா இல்லீங்க. நானு."

அவள் சொன்னது இது. பெண் பேச வந்த அன்று அவள் அடுப்படிச் சன்னலிலிருந்து மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. அவனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன் அப்பாவே பதில் சொன்னார். பசிக்கிறதா என்று கேட்டதற்குக்கூட. இந்த ஆளோடு ஆற்றங்கரைக்குப் போய் என்ன பண்ணுவது என்று அவளுக்கு இருந்தது. யாரிடம் சொல்வது? தட்டு கை மாறப் போகிறது. அந்த நேரத்தில் சைக்கிள் வந்து நின்றது.

"அப்போ, அது எழவு சொல்ல வந்த ஆளில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்னுங்க? தலத்துண்டக் கையில வெச்சுக்கிட்டு, எங்க பனமரத்துல தூக்கணாங்குருவிக் கூடு தொங்கறதப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னாரு. எழவு சொல்ல வாரவன் குருவிக்கூட்டையா பாப்பான்?"